கிடாய் யாருக்கு, கறி யாருக்கு?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பண்டைய இஸ்ரவேலரின் வழிபாட்டைப் பற்றி எழுதியபோது, மிருகபலியை நாலு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டோம். அது போதாது என்று கொங்குப் பக்கத்திலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. கிடாய் வெட்டைக் கிட்ட நின்று பார்த்து வளர்ந்தவர்கள் கேட்பது. சுற்றி வளைக்காமல் நேரே கத்திக்கும் கறிக்கும் வந்துவிடுகிறார்கள். பதில்களில் அடிக்கடி வரும் பெயர்கள் இரண்டு. ஒன்று, பலிக்கான விதிகளைச் சொல்லும் வேதாகமப் புத்தகமான லேவியராகமம். மற்றது மிஷ்னா. எருசலேம் ஆலயம் இடிந்த பிறகு, அங்கே என்னென்ன எப்படி நடந்தது என்பதையும் சேர்த்து கி.பி. 200 வாக்கில் யூத அறிஞர்கள் தொகுத்த சட்டத் தொகுப்பு அது.

கோயிலுக்கு நேர்ந்துவிடற கிடாய்க்கு ஊனம் இருக்கான்னு பார்ப்போமுங்க. அந்தக் காலத்துல அவங்களும் பார்த்தாங்களா? காயடிச்ச கிடாய் ஆகுமுங்களா?
– ஆடு வளர்ப்பவர், மூலனூர்

காயடித்தது ஆகவே ஆகாது. விதை நசுங்கியது, நொறுங்கியது, பிய்ந்தது, அறுபட்டது என்று நாலு வகையையும் தனித்தனியே சொல்லி லேவியராகமம் 22ஆம் அதிகாரம் விலக்குகிறது. கறிக்கு வளர்ப்பவர் காயடிப்பார். கொழுப்பு ஏறும், வாடை குறையும். பலிபீடத்தில் அந்தக் கணக்கு எடுபடாது.

குருடு, கால் ஒடிந்தது, உறுப்பு சிதைந்தது, கழலை உள்ளது, சொறி பிடித்தது இவையும் கூடாது. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. ஒரு கால் நீண்டோ குட்டையாகவோ இருக்கிற ஆட்டை, தானாக மனமுவந்து கொடுக்கும் பலிக்குக் கொண்டுவரலாம். நேர்த்திக்கடனுக்குக் கொண்டுவரக் கூடாது. வாக்குக் கொடுத்தவனுக்குக் கெடுபிடி அதிகம்.

குட்டி ஏழு நாள் தாயோடு இருக்க வேண்டும், எட்டாம் நாளிலிருந்துதான் ஆகும். தாயையும் குட்டியையும் ஒரே நாளில் அறுக்கக் கூடாது. ஒரே பட்டியிலிருந்து நாலைந்து உருப்படி ஓட்டி வருகிறவர் இந்த விதியில்தான் மாட்டிக்கொள்வார். ஆலயத்தில் தினமும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஒரு வயது ஆட்டுக்குட்டி இரண்டு பலியானது. அந்தக் குட்டியை முதல் நாளே சோதித்து வைத்திருந்தாலும், விடியும் முன் தீப்பந்த வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்த்து, பொன் கிண்ணத்தில் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் அறுத்தார்கள் என்கிறது மிஷ்னா.

விதி இருந்த இடத்தில் ஏய்ப்பும் இருந்தது. விற்க முடியாத ஆட்டை ஆலயத்துக்குத் தள்ளிவிட்டவர்களை மல்கியா தீர்க்கதரிசி நன்றாகவே பிடித்துக்கொள்கிறார். குருடும் நொண்டியுமாகக் கொண்டுவருகிறாயே, இதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார், முகம் கொடுப்பானா என்று கேட்கிறார்.

எங்க கோயில்ல மஞ்சத்தண்ணி தெளிச்சு, கிடாய் உடம்பைச் சிலுப்பினாத்தான் அருவாள் இறங்கும். அங்கயும் ஆட்டுக்கிட்ட உத்தரவு கேட்பாங்களா? ஒரே வெட்டுங்களா?
– பூசாரி குடும்பத்தவர், அந்தியூர் அருகே

பண்டைய கிரேக்கர்கள் உங்களைப் போலவே செய்தார்கள். தண்ணீர் தெளித்து, ஆடு தலையசைத்தால் சம்மதம் என்று கொண்டார்கள். இஸ்ரவேலர் விதிகளில் ஆட்டின் சம்மதம் பற்றிய பேச்சே கிடையாது. அங்கே முக்கியம் ஆட்டுக்காரரின் கை. கொண்டுவந்தவர் தன் கையை அதன் தலைமேல் வைத்து அழுத்த வேண்டும். ‘இது என்னுடையது, என் பேரில் போகட்டும்’ என்பதற்கான அடையாளம் அது. புறாவுக்குக் கை வைக்கிற சடங்கு சொல்லப்படவில்லை. அது ஏற்கெனவே கொண்டுவந்தவரின் கைக்குள்தானே இருக்கிறது!

இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும். லேவியராகமம் முதல் அதிகாரப்படி ஆட்டை அறுப்பது ஆசாரியர் (ஆலயப் பூசாரி) அல்ல, கொண்டுவந்தவரேதான். ஆசாரியரின் வேலை இரத்தத்தைப் பிடிப்பதிலிருந்துதான் தொடங்குகிறது. பிற்காலத்தில் ஆசாரியர்களே பெரும்பாலும் அறுத்தாலும், மற்றவர் அறுத்தாலும் செல்லும் என்பதே சட்டம். உயிரை எடுப்பது சடங்கின் உச்சம் அல்ல, அதற்கு முன்வேலை என்பது இதிலிருந்தே தெரிகிறது. கோயில்களில் அரிவாள் எடுக்கிறவருக்கு இருக்கிற இடம் அங்கே இரத்தக் கிண்ணம் பிடிக்கிறவருக்கு.

ஒரே வெட்டில் தலை துண்டாவது அங்கே நடக்காது. கழுத்தறுப்புதான். விவரமான முறையைப் பிற்கால யூத மரபுச் சட்டம் சொல்கிறது. மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் அறுபட வேண்டும். கத்தியில் நகம் தட்டுகிற அளவுக்குக்கூடப் பல் விழுந்திருக்கக் கூடாது. கெடுக்கும் பிழைகள் ஐந்து: நடுவில் நிறுத்துவது, கத்தியை அழுத்துவது, தோலுக்கோ மயிருக்கோ அடியில் கத்தியைச் செருகுவது, இடம் தவறி அறுப்பது, குழாயைப் பிய்த்துவிடுவது. அரிவாளை ஓங்கிப் போட்டால் அது ‘அழுத்துவது’ என்ற இரண்டாவது பிழையில் விழுந்துவிடும். தினப்பலி ஆட்டை நாலு காலையும் சேர்த்துக் கட்டுவதில்லை. முன்னங்காலோடு பின்னங்காலைப் பிணைத்துப் பிடித்தார்கள்.

ஒரு கிடாயை அறுத்தா எந்த உருப்படி யாருக்குப் போகும்? எல்லாத்தையும் எரிச்சுட்டாங்கன்னா கறி வீண்தானுங்களே?
– கறிக்கடைக்காரர், பவானி

எல்லாவற்றையும் எரிப்பது ஒரே ஒரு வகையில்தான். பழைய தமிழ் வேதாகமம் ‘சர்வாங்க தகனபலி’ என்றும், கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பு ‘எரிபலி’ என்றும் சொல்வது அது. எபிரேயத்தில் ‘ஓலா’, மேலே போவது என்று பொருள். அதிலும் தோல் எரிவதில்லை. பலி செலுத்தித் தந்த ஆசாரியருக்குச் சேரும். உங்கள் தொழிலுக்கு நெருக்கமானது ‘சமாதானபலி’ (பொது மொழிபெயர்ப்பில் ‘நல்லுறவுப் பலி’). அது விருந்து. கூறு போடுவதைப் பார்ப்போம்.

வயிற்றைத் திறந்ததும் முதலில் எடுப்பது கொழுப்பு. குடலை மூடி வலை போலப் படர்ந்திருப்பது, குடலோடு ஒட்டியிருப்பது, இரண்டு குண்டிக்காயும் அவற்றைச் சுற்றி இடுப்பை ஒட்டிய கொழுப்பும், ஈரலில் ஒரு துண்டு. இவை பீடத்தில் எரியும். ஈரல் துண்டைப் பழைய மொழிபெயர்ப்பு ‘ஜவ்வு’ என்கிறது. உண்மையில் அது ஈரலிலிருந்து விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன மடல். யூத மரபில் அதற்குப் பெயரே ‘ஈரலின் விரல்’. பாபிலோனியக் குறிகாரர்கள் ஆட்டு ஈரலை வைத்துக் குறி சொன்னபோது உற்றுப் பார்த்த பகுதிகளில் அதுவும் ஒன்று, அவர்களும் ‘விரல்’ என்றே அழைத்தார்கள். குறி பார்க்கும் வழக்கத்துக்கு இடம் கொடுக்காமல் இருக்கவே அதை எரிக்கச் சொன்னார்கள் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

செம்மறியாக இருந்தால் வாலும் எரியும், அதுவும் முதுகெலும்பு முடிகிற இடத்தை ஒட்டி முழுசாக அறுத்து. மேச்சேரி ஆட்டையும் குரும்பை ஆட்டையும் பார்த்துப் பழகிய நமக்கு, சுண்டுவிரல் மாதிரி இருக்கிற வாலை எரிப்பதில் என்ன பெருமை என்று தோன்றும். அந்த நாட்டுச் செம்மறி வேறு. பின்பக்கம் தலையணை போலக் கொழுப்பு தொங்கும் இனம். வாலே சில கிலோ தேறும். அந்த ஊர்ச் சமையலில் அதுதான் நெய். அதாவது இருப்பதிலேயே ருசியான பாகம் பீடத்துக்கு. வெள்ளாட்டுக்கு வால் எரிக்கும் விதி இல்லாததற்கும் காரணம் இதுவே.

அடுத்து நெஞ்சுப்பகுதி. அது ஆசாரியர்கள் எல்லாருக்கும் பொது. வலது தொடை, இரத்தத்தையும் கொழுப்பையும் செலுத்தித் தந்த ஆசாரியருக்கு. மீதி முழுக்கக் கொண்டுவந்தவர் வீட்டுக்கு. வேதாகமத்தின் இன்னொரு புத்தகமான உபாகமத்தின் 18ஆம் அதிகாரம் வேறு பங்கு சொல்கிறது: முன்னந்தொடை, இரண்டு தாடை, இரைப்பை. நம் பக்கம் ஒரு கோயிலில் தலை பூசாரிக்கு, இன்னொரு கோயிலில் வேறு ஒன்று என்று இருப்பது போலத்தான். வெவ்வேறு காலத்து வழக்கங்கள் ஒரே வேதத்தில் பதிவாகியிருக்கின்றன.

சாப்பிடக் கெடு உண்டு. நன்றி சொல்லிச் செலுத்தியதென்றால் அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும், விடிய ஒரு துண்டு மிஞ்சக் கூடாது. நேர்த்திக்கடனோ, மனமுவந்து கொடுக்கும் உற்சாக பலியோ என்றால் மறுநாளும் சாப்பிடலாம். மூன்றாம் நாள் மிஞ்சினதை எரித்துவிட வேண்டும். அதை எடுத்துத் தின்றால் செய்த பலியே செல்லாமல் போகும். வெயில் நாட்டில் கறி கெட்டுப்போகும் என்பது ஒரு பக்கம். ஒரு மாட்டை ஒரே ராத்திரியில் தீர்க்க வேண்டுமானால் அக்கம்பக்கம் பங்காளி மாமன் மச்சான் எல்லாரையும் கூப்பிட்டாக வேண்டும் என்பது இன்னொரு பக்கம். உப்புக்கண்டம் போட்டு ஒருவரே வைத்துக்கொள்ள வழியில்லை.

கூறு போடுகிற இடத்தில் தகராறு வராமல் இருக்குமா? சாமுவேலின் முதல் புத்தகத்தில் சீலோ ஊர்க் கோயிலில் ஆசாரியர் ஏலியின் மகன்கள் செய்த அட்டூழியம் எழுதப்பட்டிருக்கிறது. கறி கொப்பரையில் கொதிக்கும்போது வேலைக்காரன் மூன்று பல் முள்கரண்டியோடு வருவான். குத்தி இழுத்ததில் எது வந்தாலும் ஆசாரியனுக்கு. அதைவிட மோசம், கொழுப்பை எரிக்கும் முன்னாலேயே ‘பச்சைக் கறி கொடு, வறுக்க வேண்டும்’ என்று மிரட்டி வாங்கியது. கொழுப்பு முதலில் எரிய வேண்டும், பிறகுதான் பங்கு. அந்த முறை தவறியதைத்தான் ‘கர்த்தருடைய காணிக்கையை அவமதித்தது’ என்கிறது அந்தப் புத்தகம்.

ஒரு கொசுறு: எருசலேம் ஆலய அலுவலர் பட்டியலில் வயிற்றுக்கோளாறுக்கென்றே ஒரு பொறுப்பாளர் இருந்தார். வெறுங்காலோடு கல் தரையில் நாள் முழுக்க நின்று, கறியாகத் தின்று, மேலே தண்ணீர் குடித்த ஆசாரியர்களுக்கு வேறென்ன வரும்?

நாங்க ரத்தத்தைப் பொரியல் பண்ணிச் சாப்பிடறவங்க. அவங்க ஒரு சொட்டு வாயில வெக்காம பீடத்துல பூசினாங்களாம். ரத்தத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?
– நெசவாளர், சென்னிமலை

‘மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது’ என்ற லேவியராகமம் 17:11தான் வேர். கறியைத் தின்ன அனுமதி உண்டு, உயிர் மனிதனுக்குச் சொந்தமில்லை. வேட்டையில் அடித்த மானானாலும் இரத்தத்தைத் தரையில் ஊற்றி மண்ணைப் போட்டு மூட வேண்டும். பீடத்தில் மட்டும் அந்த இரத்தத்துக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

அது என்ன வேலை என்பது, இரத்தத்தை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தால் விளங்கும். எரிபலியிலும் சமாதானபலியிலும் பீடத்தின் பக்கங்களில் வீசித் தெளிப்பார்கள். பாவநிவாரணபலியில் விரலால் தொட்டுப் பீடத்தின் நாலு மூலையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளில் பூசி, மீதியை அடியில் ஊற்றுவார்கள். தவறு செய்தவர் சாதாரண ஆளோ தலைவரோ ஆனால் இது முற்றத்துப் பீடத்தோடு நிற்கும். தலைமை ஆசாரியரோ ஊர் முழுக்கவோ தவறியிருந்தால் இரத்தம் உள்ளே போகும். கடைசி அறையை மறைக்கும் திரைக்கு முன் ஏழு தரம் தெளித்து, தூபபீடத்தின் கொம்புகளில் பூசுவார்கள். வருடத்துக்கு ஒரு நாள், ஏழாம் மாதம் பத்தாம் தேதி, அது கடைசி அறைக்குள்ளேயே போகும். குற்றம் பெரிதாகப் பெரிதாக இரத்தம் உள்ளே உள்ளே போகிறது.

ஆனால் பாவநிவாரணபலியின் இரத்தம் பாவம் செய்தவர் மேல் ஒரு சொட்டுகூடப் படுவதில்லை. பீடத்துக்கும் திரைக்கும்தான். அப்படியானால் சுத்தமாகிறது எது? இடம். லேவியராகமத்துக்கு வாழ்நாளெல்லாம் உரை எழுதிய ஜேக்கப் மில்க்ரோம் (1923–2010) அழுத்திச் சொன்னது இதுதான். மக்களின் தவறுகளும் தீட்டும் எங்கோ நடந்தாலும் அழுக்காக வந்து கோயிலில் படிகின்றன. அழுக்கு மிஞ்சினால் கடவுள் அங்கே குடியிருக்க மாட்டார். உயிர் உள்ள இரத்தம் அந்த அழுக்கைத் துடைக்கிறது. ‘பாவநிவிர்த்தி’ என்று நாம் மொழிபெயர்க்கும் எபிரேயச் சொல்லின் வேருக்கே ‘துடைத்தல்’ என்ற பொருள் உண்டு. தீட்டு கழிய வீடு வாசலை மெழுகி மஞ்சள் தண்ணீர் தெளிப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நல்ல சாட்சி பிள்ளை பெற்ற தாய். ஆண் பிள்ளைக்கு நாற்பது நாள், பெண் பிள்ளைக்கு எண்பது நாள் கழித்து, அவளும் ‘பாவநிவாரணபலி’ என்று ஒரு புறாவையோ காட்டுப்புறாவையோ கொண்டுவர வேண்டும். பிள்ளை பெற்றது பாவமா? இல்லை. இது தீட்டுக் கழிப்பு. ‘சுத்திகரிப்புப் பலி’ என்று பெயர் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது.

கைவேலைப் பக்கம் வந்தால், இரத்தத்தில் பெரிய ஆபத்து அது உறைவது. உறைந்தால் வீச முடியாது. வீசாவிட்டால் பலி வீண். அதனால், எகிப்திலிருந்து விடுதலையானதன் நினைவாகக் கொண்டாடும் பஸ்கா பண்டிகை அன்று இரத்தம் பிடித்த பாத்திரங்களுக்குத் தட்டையான அடியே கிடையாது. யாரும் கீழே வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாதே! வரிசையாக நின்ற ஆசாரியர்கள் நிறைந்த கிண்ணத்தை வாங்கி, காலிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள். பீடத்தின் நடு உயரத்தில் சுற்றிலும் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. சில பலியின் இரத்தம் கோட்டுக்கு மேலே, சிலது கீழே, மாறினால் தவறு. ஏறுவதற்குப் படி கிடையாது, சரிவுப் பாதைதான். வழுக்காமல் இருக்க அதில் உப்புத் தூவினார்கள்.

அடியில் ஊற்றிய இரத்தம் தென்மேற்கு மூலையில் இருந்த இரண்டு துளை வழியாக இறங்கி, வாய்க்காலாகக் கீதரோன் பள்ளத்துக்கு ஓடியது. அங்கே தோட்டக்காரர்கள் அதை உரத்துக்கு விலை கொடுத்து வாங்கினார்கள். காசு கொடுக்காமல் எடுத்தால் ஆலயச் சொத்தைக் கையாண்ட குற்றம்.

மனிதனுக்கு வர வேண்டிய தண்டனையை ஆடு வாங்கிக்கொண்டது என்று சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். லேவியராகமம் அப்படித்தான் சொல்கிறதா?
– ஆசிரியை, ஈரோடு

லேவியராகமத்தை மட்டும் வைத்துப் படித்தால் அந்த விளக்கம் பொருந்துவது கடினம்.

பாவங்களை வாயால் அறிக்கையிட்டு ஒரு ஆட்டின் தலைமேல் சுமத்தும் சடங்கு ஒன்று உண்டு. 16ஆம் அதிகாரத்தில், வருடாந்தரப் பாவநிவிர்த்தி நாளில் நடப்பது. இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களுக்குச் சீட்டுப் போட்டு, ஒன்று கர்த்தருக்கு, மற்றது ‘போக்காடு’. தலைமை ஆசாரியர் போக்காட்டின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து மக்களின் எல்லா அக்கிரமங்களையும் சொல்லி, வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார். பாவம் சுமக்கிற அந்த ஆட்டை அங்கே பலியிடுவதே இல்லை. பலியாகிற கடாவின் மேல் பாவத்தைச் சுமத்துவதாக ஒரு வரியும் இல்லை. மேலும், சாதாரணப் பாவநிவாரணபலியின் கறி ‘மகா பரிசுத்தம்’. ஆசாரியர் அதைப் பரிசுத்த இடத்தில் வைத்துச் சாப்பிடுவார். பாவம் ஏறிய இறைச்சியை யார் அப்படிச் சாப்பிடுவார்கள்?

வேண்டுமென்றே, கை ஓங்கிச் செய்த குற்றத்துக்கு இந்தப் பலி கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. தெரியாமல் செய்ததற்குத்தான். எண்ணாகமம் 15 இதைக் கறாராகச் சொல்கிறது. கொலைகாரன் ஒரு கிடாயைக் கொடுத்துத் தப்ப முடியாது.

ஏமாற்றுக்கும் பொய்ச் சத்தியத்துக்கும் மட்டும் ஒரு வழி திறந்திருக்கிறது: குற்றநிவாரணபலி. பலி வகைகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். அடகுப் பொருளை அமுக்கியவன், கிடைத்ததை இல்லையென்று சத்தியம் செய்தவன், முதலில் முதலைத் திருப்பித் தர வேண்டும். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட. நம் கணக்கில் ஆயிரம் ரூபாயை அமுக்கினால் 1,200. அதைச் சொந்தக்காரர் கையில் கொடுத்த பிறகுதான் ஆட்டுக்கடாவோடு பீடத்துக்கு வரலாம். காசு கணக்குத் தீராமல் கடா செல்லாது.

கிறிஸ்தவ வாசிப்பு வேறு தளத்தில் நிற்கிறது. ஏசாயா 53ஆம் அதிகாரம் துன்பப்படும் ஊழியனைக் ‘குற்றநிவாரணபலி’ என்கிறது. புதிய ஏற்பாட்டில் உள்ள எபிரெயர் நிருபம் ஆலயப் பலிகளை இயேசுவின் மரணத்துக்கு நிழலாகக் காண்கிறது. ‘இரத்தம் சிந்துதல் இல்லாமல் மன்னிப்பு உண்டாகாது’ என்ற அதன் புகழ்பெற்ற வசனத்திலேயே, சற்று முன்னால் ‘கொஞ்சங்குறைய எல்லாம்’ என்ற ஒரு தடைச்சொல் இருப்பதைப் படிக்கிறவர்கள் தாண்டிவிடுகிறார்கள். எதனால் அந்தத் தடை என்பதற்கு அடுத்த கேள்வியில் விடை இருக்கிறது.

எங்க ஊரு கோழிக்குப் பேர் போனது. கிடாய் வாங்க முடியாதவங்க கோழி குடுக்கலாமுங்களா?
– பண்ணைத் தொழிலாளி, நாமக்கல்

கோழி அந்தப் பட்டியலிலேயே இல்லை. பறவையில் காட்டுப்புறாவும் புறாக்குஞ்சும்தான். போதாக்குறைக்கு, எருசலேமுக்குள் கோழி வளர்க்கவே கூடாது என்கிறது மிஷ்னா. குப்பையைக் கிளறி, தீட்டானதை அலகில் கொத்திவந்து பரிசுத்தக் கறிமேல் போட்டுவிடும் என்ற பயம். பாவநிவிர்த்தி நாளுக்கு முன் சில யூதர்கள் கோழியைத் தலைக்கு மேல் சுற்றி அறுப்பது பிற்கால வழக்கம், ஆலயப் பலி அல்ல. அதைக் கண்டித்த ரபிகளும் (யூத குருமார்) உண்டு.

வசதி இல்லாதவர்களுக்கு விதியே இறங்கி வருகிறது. பாவநிவாரணத்துக்குச் சாதாரண ஆள் ஒரு பெண்ணாட்டைக் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் இரண்டு புறா. அதற்கும் வழியில்லை என்றால் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவு, ஏறக்குறைய இரண்டு லிட்டர் அளவு. எண்ணெய் ஊற்றக் கூடாது, சாம்பிராணி போடக் கூடாது. ஆசாரியர் ஒரு கைப்பிடி எடுத்து எரிப்பார், மீதி அவருக்கு. அதோடு ‘அது அவனுக்கு மன்னிக்கப்படும்’. அதாவது ஒரு சொட்டு இரத்தம் இல்லாமல் மன்னிப்பு. மரியாளும் யோசேப்பும் பிள்ளைப்பேற்றுச் சுத்திகரிப்புக்குப் பறவைகளைக் கொண்டுபோனதாக லூக்கா எழுதுவதும் இதே மாதிரியான ஏழைச் சலுகையின்படிதான்.

புறாவை அறுக்கும் முறை தனி. கத்தி இல்லை, ஆசாரியர் கழுத்தை நகத்தால் கிள்ளுவார். எரிபலியென்றால் இரைப்பையை எடுத்துப் பீடத்துக்குக் கிழக்கே சாம்பல் கொட்டும் இடத்தில் எறிவார். இறக்கைப் பக்கமாகப் பிளப்பார், இரண்டாகத் துண்டிக்க மாட்டார். கோழி உரிக்கிறவர்களுக்கு இந்த வேலையின் சிரமம் புரியும்.

சாமிக்குப் பசிக்கிறதென்றா இத்தனையும்?
– கல்லூரி மாணவர், கோபி

அக்கம்பக்கத்து நாடுகளில் அப்படித்தான் நினைத்தார்கள். பாபிலோனியக் கோயில்களில் தெய்வத்துக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு. இஸ்ரவேலரின் மொழியிலும் அதன் மிச்சம் இருக்கிறது. லேவியராகமமே சில இடங்களில் பலியைத் தேவனுடைய ‘அப்பம்’ என்கிறது, புகையைச் ‘சுகந்த வாசனை’ என்கிறது. ஆனால் 50ஆம் சங்கீதம் நேரடியாக மறுக்கிறது: எனக்குப் பசித்தால் உனக்குச் சொல்ல மாட்டேன், எருதின் கறியையா தின்பேன் என்று கடவுளே கேட்கிறார். ஆமோசும் ஓசியாவும் மீகாவும் இன்னும் காட்டமாகப் பேசினார்கள். அவர்கள் பலியையே ஒழிக்கச் சொன்னார்களா, நியாயம் இல்லாத பலியை மட்டும் சாடினார்களா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. இரண்டாவதே சரி என்று எங்களுக்குப் படுகிறது. பலி கொடுத்துக்கொண்டே ஏழையின் நிலத்தைப் பிடுங்கியவர்களிடம்தான் அவர்கள் பேசினார்கள்.

பலியின் பொதுப்பெயர் ‘கொர்பான்’. கிட்டே கொண்டுவருவது என்று அர்த்தம். பக்ரீத் ‘குர்பானி’யும் அதே வேர்தான். ‘பலி’ என்றதும் நமக்குச் சாவு நினைவுக்கு வருகிறது; விபத்தில் மூவர் பலி என்றுதானே செய்தி போடுகிறார்கள். ‘படையல்’ என்று சொல்லியிருந்தால் இன்னும் நெருங்கியிருக்கும்.

இப்போது ஏன் யூதர்கள் செய்வதில்லை? சட்டம் போட்டு நிறுத்தினார்களா?
– ஓய்வுபெற்ற எழுத்தர், தாராபுரம்

தமிழ்நாட்டில் கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் கடுமையாக அமல்படுத்தப் போய், எதிர்ப்பு கிளம்பி, 2004இல் அந்தச் சட்டமே ரத்தானது. அதை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் போல. அங்கே நின்றது இடம் போனதால். எருசலேமில் ஒரே இடத்தில்தான் பலி என்று உபாகமம் 12ஆம் அதிகாரத்தை வைத்து யூதா நாட்டு அரசன் யோசியா கி.மு. 622 வாக்கில் மற்றக் கோயில்களை மூடினான். அதற்கு முன் ஊருக்கு ஊர் பீடம் இருந்தது. இஸ்ரேலின் தெற்கே உள்ள பெயெர்செபாவில் பிரித்து வேறு சுவரில் வைத்துக் கட்டப்பட்ட கொம்புப் பீடக் கற்கள் 1973இல் கிடைத்தன. எகிப்தின் எலிபன்டைன் தீவில் இருந்த யூதர்களின் கோயிலைக் கி.மு. 410இல் எதிரிகள் இடித்தார்கள். திரும்பக் கட்டலாம் என்று பாரசீக அதிகாரிகள் சொன்ன பதிலில் மாவுப் படையலும் தூபமும் இருக்கின்றன, எரிபலி இல்லை. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்ததும், ஒரே இடம் என்ற விதியால் பலி முழுக்க நின்றுபோனது. ஜெபம் அந்த இடத்தைப் பிடித்தது.

நிற்காத ஓர் இடம் மட்டும் உண்டு. மோசேயின் சட்டத்தைப் பின்பற்றினாலும் யூதர்களிலிருந்து தனியாக நிற்கும் சமாரியர்களுக்கு எருசலேம் கணக்கில்லை, அவர்களின் மலை மேற்குக் கரையில் நாப்லஸ் நகர் அருகே உள்ள கெரிசீம். ஆயிரம் பேர்கூட இல்லாத சமூகம் அது. வருடா வருடம் பஸ்காவுக்கு அங்கே கூடுகிறார்கள். சூரியன் சாயும் நேரத்தில் ஆடுகளை அறுத்து, சுத்தம் செய்து, உள்ளே எரிக்க வேண்டிய கொழுப்பை எடுத்து, உப்பு தேய்த்து, நீண்ட கம்பில் முழுசாகக் கோத்து, தணல் நிரம்பிய ஆழ்குழிக்குள் செங்குத்தாக இறக்குகிறார்கள். வாயை மண் பூசி மூடிவிட்டால் புகை வெளியே வராது. சில மணி நேரம் கழித்து நள்ளிரவு வாக்கில் குழியைத் திறக்கிறார்கள். கறியை அவசர அவசரமாகக் கையால் பிய்த்துத் தின்கிறார்கள், எலும்பை ஒடிக்காமல். விடிவதற்குள் மிஞ்சினதெல்லாம் நெருப்புக்குப் போய்விடுகிறது.